பத்து எண்ணும் வரை

மதுரையில் நான் பேச்சுப் பயிற்சி தரத் தொடங்கிய முதல் வருடம். இரண்டரை வயதுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் பூக்கூடையோடு ஓர் அப்பத்தா வருவார். வியாபாரி வீட்டில் கொண்டுவந்து போடும் மல்லிகையைக் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். முழத்துக்கு இவ்வளவு என்று கூலி. மொட்டு வாய் திறப்பதற்குள் கட்டி முடித்தாக வேண்டும். அதனால் எங்கள் வராந்தாவில் முறைக்குக் காத்திருக்கும்போதும் அவர் கை நிற்காது.

பையனுக்கு ஒரு சொல்கூட வரவில்லை. காது பரிசோதித்தாகிவிட்டது, நன்றாகவே கேட்கிறது. சொல்வது புரிகிறது. செருப்பை எடுத்துட்டு வா என்றால் எடுத்து வருவான். வாய்தான் திறக்கவில்லை. நான் தரையில் பாய் விரித்து, படிப்பு முடித்த கையோடு ஆசை ஆசையாகச் செய்து வைத்திருந்த பட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். "இது என்ன? சொல்லு. நாய். நா…ய். எங்கே, சொல்லு பார்ப்போம்." அவன் மின்விசிறியைப் பார்த்தான். மூன்று வாரம் இப்படியே போனது. நான்காவது வாரம் அறை வாசலைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்தான்.

சரி, கொஞ்ச நேரம் அப்பத்தாவிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வேறொரு குழந்தையைப் பார்க்கப் போனேன். முடித்துவிட்டு வெளியே வந்தபோது அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நீட்டிய காலை ஒட்டிப் பையன். நடுவில் கூடை. அவர் முடிச்சை இறுக்கிவிட்டு வலக்கையை அவன் பக்கம் நீட்டினார். "ரெண்டு தா." அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை. பையன் கை நிறைய அள்ளிக் கொடுத்தான். இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கூடையில் உதிர்த்தார். காம்போடு காம்பு சேர்த்து வைத்து நூலைச் சுற்றினார். திரும்பவும் கை நீண்டது. "ரெண்டு தா." அவன் அந்த உள்ளங்கையைப் பார்த்தான், பிறகு அவர் முகத்தைப் பார்த்தான், பிறகு கூடைக்குள் கைவிட்டான். போகப் போக அள்ளுவது குறைந்து, விரலால் பொறுக்க ஆரம்பித்தான்.

நடுவில் நூல் சிக்கிக்கொண்டது. அப்பத்தா குனிந்து சிக்கெடுத்தார். கை நீளவில்லை. பையன் இரண்டு மொட்டை விரலில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் நிமிரவில்லை. அவன் எழுந்தான், பூவை அவர் மூக்குக்குக் கீழே கொண்டுபோய் நீட்டினான். "ந்தா."

நான் அசையாமல் நின்றேன். அப்பத்தா கைதட்டவில்லை, கூவவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. "இந்தாவா? குடு ராசா" என்று வாங்கி, வைத்துக் கட்டினார். அடுத்த இரண்டுக்குக் கை நீட்டினார்.

அந்த நாட்களில் பயிற்சி நடக்கும் நேரத்தை கேசட்டில் பதிவுசெய்து வைப்பேன். அன்று இரவு அவனுடைய மூன்று வாரப் பதிவையும் போட்டுக் கேட்டேன். முழுக்க முழுக்க என் குரல். ஒரு கேள்வி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கேள்வி, பிறகு பதிலையும் நானே சொல்கிறேன். அவன் நுழைவதற்கு ஓர் இடுக்குகூட நான் விடவில்லை. என் அறையில் அவன் செய்யவேண்டிய வேலை என்று எதுவும் இல்லை, பதில் சொல்வதைத் தவிர. அப்பத்தாவிடம் அவனுக்கு நிஜமான வேலை இருந்தது. அவன் பூ எடுத்துக் கொடுத்தால்தான் மாலை நீளும். அவன் உயரத்துக்கு அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டே சொல் சொன்னார். பிறகு பேசாமல் இருந்தார்.

கனடாவில் ஹானென் மையம் என்று ஒன்று இருக்கிறது. பேச்சு தாமதமாகும் குழந்தைகளின் பெற்றோருக்குப் பல பத்தாண்டுகளாகப் பயிற்சி தருகிறார்கள். கவனி, காத்திரு, காது கொடு என்பதுதான் அவர்கள் பெற்றோருக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். படிக்கும்போதே எனக்கு அது தெரியும், தேர்விலும் எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அந்த வராந்தாவில்தான். மறுநாள் முதல் என் அறைக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒன்று சொன்னால், மனசுக்குள் பத்து எண்ணும் வரை அடுத்தது சொல்லக் கூடாது.

பத்து எண்ணுவது பெரியவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். நான்கு, ஐந்திலேயே பொறுமை போய்விடும். ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தையின் பக்கமிருந்து பாருங்கள். காதில் விழுந்த சத்தத்தில் தனக்குத் தெரிந்த சொல்லைப் பிரித்தெடுக்க வேண்டும். பதிலுக்கு ஒரு சொல்லைத் தேட வேண்டும். மூச்சையும் உதட்டையும் நாக்கையும் சரியான வரிசையில் அசைக்க வேண்டும். நமக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும் இந்த வேலை அதற்குப் பெரிய வேலை. பாதி தூரம் வந்திருக்கும்போது நாம் அடுத்த கேள்வியை வீசினால், அது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாலைந்து முறை இப்படி ஆனால் முயற்சியையே விட்டுவிடும்.

காத்திருப்பது வேறு, பிடுங்கி வைத்துக்கொள்வது வேறு. இதை ஒரு குழந்தையை அழவைத்துத்தான் கற்றுக்கொண்டேன். பால் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "பால்" என்று சொல்கிற வரை கொடுக்காதீர்கள் என்று ஒரு தாயிடம் சொன்னேன். அவரும் அப்படியே செய்தார். குழந்தை அழுது அழுது ஓய்ந்து, இரண்டு நாள் அம்மா கையால் பாலே குடிக்கவில்லை. அவர்கள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். பசியையும் தாகத்தையும் வைத்துப் பாடம் நடத்தக் கூடாது. விளையாட்டில் நிறுத்தலாம். சோப்பு நுரைக் குமிழியை ஊதிவிட்டு, குச்சியைப் புட்டியில் போட்டு மூடி, இறுக்கித் திருகிக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுவேன். அது திறக்கப் பார்க்கும். முடியாது. என்னிடம் நீட்டும். என் முகத்தைப் பார்க்கும். சொல் வராவிட்டாலும் அந்தப் பார்வையே பேச்சுதான். அதை ஒரு முறை வாங்கிக்கொண்டு, "தெற" என்று நானே சொல்லித் திறந்துவிடுவேன். அழும் வரை போகக் கூடாது.

பெற்றோருக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை, குழந்தையிடம் நிறையப் பேசுங்கள் என்பது. நானும் சொல்லியிருக்கிறேன். அமெரிக்காவில் ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் 42 குடும்பங்களைப் பின்தொடர்ந்து 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணம். வசதியான வீட்டுக் குழந்தையும் ஏழை வீட்டுக் குழந்தையும் சின்ன வயதுக்குள் கேட்கும் சொற்களின் எண்ணிக்கையில் 3 கோடி வித்தியாசம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் பலமாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஓர் அம்மா, காலையில் பல் தேய்ப்பதிலிருந்து இரவு பாய் போடுவது வரை மூச்சுவிடாமல் குழந்தையிடம் பேசினார். பாவம், தொண்டை கட்டிப் போய் வந்து நின்றார். குழந்தை முன்பைவிட அமைதியாகிவிட்டது. 2018இல் ரேச்சல் ரோமியோ குழுவினர் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வைப் படித்தபோது அந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையைவிட, பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிய முறைகளின் எண்ணிக்கைதான் மூளையின் மொழிப் பகுதி வேலை செய்யும் விதத்தோடு ஒத்துப்போனது. பந்து விளையாடுவது போலத்தான் இது. எத்தனை பந்து எறிந்தோம் என்பதில் என்ன இருக்கிறது? திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. எங்களிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் பெயர்களைத்தான் கற்றுக்கொடுத்திருப்பார்கள். ஆப்பிள், யானை, சிவப்பு, வட்டம். அதைச் சொல்லும் குழந்தை கெட்டிக்காரக் குழந்தை என்று அக்கம்பக்கத்திலும் பெயர் கிடைக்கும். ஆனால் யானை என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றரை வயதுக் குழந்தை வீட்டில் என்ன கேட்க முடியும்? அதற்கு வேண்டிய சொற்கள் வேறு. தா, வா, போ, வேணும், வேணாம், போதும், இன்னும், தூக்கு, ஊத்து. தமிழ் இதற்கு மிகவும் வசதியான மொழி. யார், எதை என்பதெல்லாம் இல்லாமல் "எடு" என்ற ஒரே சொல் முழு வாக்கியமாக நிற்கும். அம்மா சமையலறையில் நாள் முழுக்கச் சொல்வதும் இவற்றைத்தான். சத்தங்களுக்கும் நம்மிடம் பஞ்சம் இல்லை. தோசை சொய்ங், குக்கர் உஸ்ஸ், தட்டு டமார், பந்து பொத்து. பல பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்வது இந்தச் சத்தங்களைத்தான். இதெல்லாம் பேச்சா என்று அப்பாக்கள் கேட்பார்கள். பேச்சுதான். சொய்ங் என்று அடுப்பைக் காட்டும் குழந்தை தோசையைப் பற்றிச் செய்தி சொல்கிறது. "ஆமா, தோசை சொய்ங்" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள் என்பேன். காக்காவை "தாத்தா" என்றால் தப்பு என்று சொல்ல வேண்டாம். "ஆமா, காக்கா. காக்கா பறக்குது" என்றால் போதும். கவும் தவும் பிரிய நாளாகும்.

ஆரம்பத்தில் என் அட்டைகளில் "தண்ணீர்" என்று இருந்தது. எந்த வீட்டில் யார் குழந்தையிடம் தண்ணீர் என்று சொல்கிறார்கள்? தண்ணி என்று மாற்றினேன். பிறகு அட்டையையே விட்டேன். சொம்பையும் தம்ளரையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இவற்றை நான் புதிதாகக் கண்டுபிடித்தது போலப் பேசினால் அது நன்றாக இருக்காது. குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் மீனாட்சியம்மைக்குப் பாடிய பிள்ளைத்தமிழ் எங்கள் ஊரின் சொத்து. குழந்தை வளரும் படிகளைப் பாடும் பிள்ளைத்தமிழின் பருவங்களைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேலைக்கு வந்த பிறகு ஒருநாள் பார்த்தேன்: தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவது தாலாட்டு, குழந்தை அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி, கை கொட்டுவது. நீ தட்டு, நான் தட்டுகிறேன் என்ற முறை வைத்து ஆடும் ஆட்டம். அதற்கப்புறம் அம்புலி. நிலாவைக் காட்டி, என் பிள்ளையோடு விளையாட வா என்று கூப்பிடுவது. அம்மா விரல் நீட்டும் இடத்தைக் குழந்தை பார்க்கிறது, பிறகு தானும் விரல் நீட்டி அம்மாவைப் பார்க்கச் சொல்கிறது. இருவர் ஒரே பொருளை ஒன்றாகப் பார்ப்பது பேச்சுக்கு முன்னால் வரவேண்டிய படி. ஒரு வயதை ஒட்டி வரும். ஒன்றரை வயதாகியும் எதையும் சுட்டிக் காட்டாத குழந்தையைப் பார்த்தால், சொல் வந்ததா என்பதைவிட அதுதான் எனக்கு முதல் கவலை. புலவர்கள் எங்களைவிடக் கூர்மையாகத் தொட்டிலைப் பார்த்திருக்கிறார்கள்.

என் தொழிலில் என்னைத் தூங்கவிடாத ஒரு தவறும் உண்டு. ஒன்றே முக்கால் வயதுப் பெண் குழந்தை. "கதவைச் சாத்துனா திரும்பிப் பார்க்குறா டீச்சரம்மா, கொட்டுச் சத்தம் கேட்டா ஓடி வர்றா, காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மா. நான் நம்பிவிட்டேன். ஐந்து மாதம் விளையாடினோம், காத்திருந்தோம். பேச்சு வரவில்லை. பிறகுதான் பெரா எடுத்தோம். குழந்தை தூங்கும்போது தலையில் மின்முனை ஒட்டி, சத்தம் காதிலிருந்து மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்க்கும் சோதனை. கதவும் கொட்டும் கனத்த சத்தங்கள், அவை கேட்டன. ச, ஸ, த போன்ற மெல்லிய ஒலிகள் அவளுக்கு எட்டவே இல்லை. காதுக் கருவி போட்ட பிறகு பேசினாள், நன்றாகவே பேசினாள். ஆனால் அந்த ஐந்து மாதம் அவளுடையது, நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். அதன் பிறகு காது பார்க்காமல் ஒரு குழந்தைக்கும் நான் பாய் விரித்ததில்லை. ஆம்பளப் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், அவங்க அப்பாவும் அப்படித்தான், நாக்கில் வசம்பு தடவினால் சரியாகிவிடும் என்று சொல்லி யார் தள்ளிப்போட்டாலும் இந்தக் குழந்தையின் கதையைச் சொல்கிறேன். இரண்டு வயதில் ஐம்பது சொல்லாவது இருக்க வேண்டும், "அப்பா வா" என்பது போல இரண்டு சொல் சேரத் தொடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நிம்மதி, அவ்வளவுதானே.

செல்போன் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. 2 வயதுக்குள் திரையே வேண்டாம், அதன் பிறகும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நான் அம்மாக்களைத் திட்டுவதில்லை. சோறு உள்ளே போக வேண்டும் என்றுதான் போனைக் கொடுக்கிறார்கள். ஏபிசிடி முழுக்கச் சொல்லும், ஆனால் அம்மா என்று கூப்பிடாத குழந்தைகள் இப்போது அடிக்கடி வருகிறார்கள். சியாட்டிலில் பட்ரீசியா கூல் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வை அவர்களிடம் கதையாகச் சொல்வேன். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் படித்து 12 முறை விளையாடினார்கள். குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, டிவியில் போட்டுக் காட்டிய குழந்தைகளுக்கு ஒன்றும் வரவில்லை. திரை குழந்தைக்காகக் காத்திருப்பதில்லை. சோற்றுக் கிண்ணத்தோடு வாசலுக்குப் போங்கள், காக்காவுக்கு ஒரு வாய், பிள்ளைக்கு ஒரு வாய் என்பேன். முதல் மூன்று நாள் ரகளையாகத்தான் இருக்கும்.

மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் நிறைய. வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ். அப்படி ஒரு குடும்பம் குழந்தையை நர்சரிப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இல்லையென்றால் குழந்தை குழம்பிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவுக்கு வந்த ஆங்கிலம் கட்டளைகள் மட்டும். கம், சிட், ஈட், டோன்ட் டச். பாட்டிக்கு அதுவும் தெரியாது. அதுவரை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஓயாமல் பேசிய அந்தப் பாட்டி, தன்னால் குழந்தைக்குக் கெடுதல் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் கதை நின்றது, கொஞ்சல் நின்றது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. உலகில் எத்தனையோ கோடிக் குழந்தைகள் அப்படித்தான் வளர்கிறார்கள். நான் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பேசுங்கள் அம்மா, உங்கள் பாஷையிலேயே பேசுங்கள், அதுதான் மருந்து என்றேன். அவர் அழுதுவிட்டார். எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

நேரம் இல்லை என்கிறவர்களுக்கு என்னிடம் தனி மருந்து கிடையாது. ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிஃப்ட் போகும் ஒரு தாய், "எனக்கு இவனக் குளிப்பாட்டுற நேரந்தான் இருக்கு டீச்சரம்மா" என்றார். அதுவே போதும் என்றேன். ஒரு குவளை ஊற்றுங்கள், "ஊத்து" என்று சொல்லுங்கள். இன்னொன்று ஊற்றுங்கள், "ஊத்து." மூன்றாவது குவளையை அவன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்துப் பத்து எண்ணுங்கள். சிரித்தாலும் சரி, கையைத் தூக்கினாலும் சரி, ஊற்றிவிடுங்கள். விரட்டாதீர்கள். "சும்மா பாத்துக்கிட்டே நிக்கணுமா?" என்று கேட்டார். ஆமாம், சும்மாதான்.

ஐந்து வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அரை நிமிடம்தான் இருக்கும். குழாய்ச் சத்தம் நின்றது. தண்ணீர் விழும் சத்தம், அம்மா குரல், "ஊத்து." மறுபடி தண்ணீர், மறுபடி "ஊத்து." அதன் பிறகு ஒன்றுமே இல்லை. பதிவு நின்றுவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. வாளியில் சொட்டு விழுவது கேட்டது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். நான் என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தேன். ஏழு, எட்டு. ஒன்பதில் ஒரு சின்னக் குரல், "ஊ…த்து."

உடனே தண்ணீர் கொட்டும் சத்தம்.